மிட்டாய் தோண்டுகிறாள், கேப்டன் தாண்டுகிறான்

செப்டம்பர் 8, திங்கள்

கேப்டன் இன்றும் பின்பக்க வேலியைத் தாண்டிவிட்டான். மிட்டாய் தாண்டவில்லை. அவள் குட்டைக்கால் நாய், அடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டு போனாள். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தது ஒரே இடம்: பக்கத்து வீட்டு ஆறுமுகநயினாரின் கோழிக்கூடு.

கோழிகளுக்குச் சேதமில்லை. சேவல் மட்டும் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு மத்தியானம் வரை இறங்க மறுத்துவிட்டது.

நயினார் வெளியே வந்தார். நாங்கள் இருவரும் பேசிப் பல வருடம் ஆகிறது. அவர் வீட்டு முருங்கை எங்கள் பக்கம் சாய்ந்து கம்பளிப்பூச்சியாகக் கொட்டியது. ஆள் வைத்துக் கிளையை வெட்டினேன். அது காய்க்கிற கிளையாம். பேச்சு அத்தோடு நின்றது. ஆகவே அவர் சேவலைப் பார்த்துச் சொன்னார்: "ஏலே, எறங்காத. நாய வளக்கத் தெரியாதவன்லாம் நாய் வளக்கான். நாமதான் சூதானமா இருக்கணும்."

நானும் கேப்டனைப் பார்த்தே சொன்னேன்: "வாடே உள்ள. கோழியத் தொறந்து போட்டுட்டு நாயக் கொற சொல்லுதாங்க."

கேப்டன் வாலை ஆட்டினான்.

செப்டம்பர் 9

யார் போட்டுக்கொடுத்தார்களோ (வேறு யார், என் மனைவி ஜெபசுதாதான்), மகள் ஷீஜா பெங்களூரிலிருந்து போன் போட்டுவிட்டாள்.

"அப்பா, பின்னாடி காலி மனையத் தாண்டுனா ஹார்பர் ரோடு. கன்டெய்னர் லாரி ஓயாமப் போவுது. அதுக ரோட்டுக்குப் போச்சுன்னா என்ன ஆவும்?"

அயர்லாந்தில் வேலை கிடைத்ததும் நாய்களை எங்களிடம் கொண்டுவந்து விட்டவள் அவள்தான். விமானம் ஏறுமுன் ஒருதரம் வந்து பார்ப்பாளாம். வேலி சரியில்லை என்றால் கோயம்புத்தூரில் இருக்கும் சிநேகிதியிடம் இரண்டையும் கொடுத்துவிடுவாளாம்.

"அம்மாடி, உங்கப்பன் துறைமுகத்துல சேஃப்டி ஆபீசரா இருந்தவன்."

"அங்க நாயே கிடையாதேப்பா."

போனை வைத்த பிறகு வெகுநேரம் எரிச்சலாக இருந்தது. ஏன்? ஓய்வு பெற்றதிலிருந்து, ஜெபசுதா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினால் சாயங்காலம் வரை இந்த வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். இப்போது நான் நாற்காலியை விட்டு எழுந்தாலே இரண்டு தலை நிமிர்கிறது. அதைப் போய்க் கோயம்புத்தூருக்கு அனுப்பவா?

மாட்டேன்.

செப்டம்பர் 13, சனி

முறைப்படி ஆய்வு செய்தேன். ஹெல்மெட், பளபளக்கும் ஆரஞ்சு ஜாக்கெட், டேப். கல்தூண்கள் உறுதி. கம்பி வலை பல இடங்களில் தொய்வு. அடியில் தேரி மணல், நாய்க்கு அல்வா மாதிரி. கேட் கொண்டியைக் கேப்டன் மூக்கால் தூக்கிவிடுகிறான்.

துணி காயப்போட வந்த ஜெபசுதா நின்று பார்த்தாள். "யாருக்கு ஆர்டர் போடுதிய? கீழ வேல பாக்க ஆளே இல்லயே."

செப்டம்பர் 17

பள்ளம் வெட்டி வேலிக்கு அடியில் வலையை மடித்துப் புதைத்தாயிற்று, உள்பக்கமாகப் பாயை விரித்தாற்போல. மேலே மண், அதன்மேல் உடைந்த கடப்பாக்கல். மிட்டாய் பக்கத்திலேயே உட்கார்ந்து முழுவதையும் கவனித்தாள். அவள் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது.

செப்டம்பர் 18

மரியாதை இல்லை. கல் இல்லாத இடம் எது என்று பார்த்து வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 19

அங்கேயும் கல் வைத்துவிட்டேன். இடுப்பு போய்விட்டது. ஜெபசுதா தைலம் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். தேய்க்கிற கை குலுங்கினால் இன்னும் வலிக்கிறது.

செப்டம்பர் 27

குலசை தசராவுக்கு வேஷம் கட்டியவர்கள் தெருவுக்கு வந்தார்கள். காளி வேஷக்காரர் கேட்டருகே வந்து மணியடித்ததும் கேப்டன் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். சேவலிடம் மட்டும்தான் வீரம். வெளியே இழுக்க ஒரு பாக்கெட் பிஸ்கட் தேவைப்பட்டது.

அக்டோபர் 1

வேலியின் உயரத்தைக் கூட்டத் திரேஸ்புரத்தில் பழைய மீன்வலை வாங்கிக் கட்டினேன். அருமையான யோசனை என்று நினைத்தேன். கடல் வாடை எட்டுத் தெருவுக்கு அடித்திருக்க வேண்டும். ஊரிலுள்ள பூனைகளெல்லாம் வந்து வேலி ஓரமாக வரிசையாக உட்கார்ந்துவிட்டன. கேப்டனுக்கும் மிட்டாய்க்கும் பைத்தியம் பிடிக்காத குறை. தொண்டை கட்டும் வரை குரைத்தார்கள்.

அந்தப் பக்கம் நயினார் கோழிகளிடம் விசாரித்தார்: "என்னட்டி, மீன் ஏலக்கூடத்த இங்கன மாத்திட்டாவளா?"

வலையைக் கழற்றிவிட்டேன்.

அக்டோபர் 7

இது நிற்கும். வேலி உச்சியில் கம்பி இழுத்து, அதில் பிவிசி குழாயைக் கோத்திருக்கிறேன். நாய் தாவி முன்காலை வைத்தால் குழாய் உருளும், பிடிமானம் கிடைக்காமல் உள்பக்கமே விழும்.

முதலில் சோதித்தது ஒரு காக்கை. உட்கார்ந்தது, தலைகீழாய்ச் சுற்றியது, என்னைத் திட்டிவிட்டுப் பறந்தது. பிறகு கேப்டன் ஓடிவந்தான். சிப்பிப்பாறை நாய் பாயும்போது பார்க்க அழகு. கால் வைத்தான். குழாய் உருண்டது. பொத்தென்று மணலில் விழுந்து, யார் தள்ளியது என்று திரும்பிப் பார்த்தான்.

கத்திவிட்டேன், சந்தோஷத்தில். எதற்காகக் கத்துகிறேன் என்று கேட்க இருபுறமும் ஆள் வந்துவிட்டது.

"ராட்டினம் கட்டிருக்காவ," என்றார் நயினார், சேவலிடம்.

அக்டோபர் 11

கொண்டிக்குப் பதிலாகக் கப்பலில் சங்கிலி மாட்டுகிற ஷாக்கிள் போட்டேன். கேப்டனால் திறக்க முடியவில்லை. ஜெபசுதாவாலும் முடியவில்லை. சீலா மீன் பையோடு வெளியே நின்று, "நான் உள்ள வரவா, இல்ல எங்கம்மா வீட்டுக்குப் போவவா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள். சாதாரணப் பூட்டுக்கு மாறிவிட்டேன்.

அக்டோபர் 15

ஒரே ஒரு இடம் பாக்கி. வலதுபக்க மூலையில் எங்கள் கடைசித் தூணுக்கும் நயினாரின் சாமான் கொட்டகைச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. கேப்டன் வயிற்றை எக்கினால் போய்விடுவான். சுவரில் கொக்கி அடித்து வலையை இழுத்துக் கட்ட வேண்டும். அதற்கு அவர் பக்கம் போய்த்தான் நிற்க வேண்டும்.

"போய்க் கேளுங்க," என்றாள் ஜெபசுதா.

"நான் போய்க் கேக்கவா?"

"பின்ன, கேப்டன் போய்க் கேக்கவா?"

தகரத்தை வைத்து, செங்கல்லை முட்டுக்கொடுத்திருக்கிறேன். போதும். போதுமா? போதும்.

அக்டோபர் 19, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது.

ஆராதனை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. தெருவில் யாரோ தீபாவளி வெடியை இன்றைக்கே போட்டார்கள். அணுகுண்டு. மிட்டாய் என் காலுக்குள் வந்து புகுந்தாள். கேப்டன் - தகரம் விழுந்த சத்தம்தான் கேட்டது. செங்கல் கிடந்தது. அவன் இல்லை.

செருப்பில்லாமல் ஓடினேன். உடைமுள் குத்தியது பிறகுதான் தெரிந்தது. காலி மனையைத் தாண்டினால் ரோடு. லாரிமேல் லாரி. கேப்டா, கேப்டான்னு கத்துதேன், எவனுக்குக் கேக்கும்? ஒரு லாரி பிரேக் அடிச்ச சத்தம் கேட்டுச்சு. அங்கனயே உக்காந்துட்டேன். பாக்க மாட்டேன். பாக்க முடியாது. ஷீஜாகிட்ட என்ன சொல்ல? ஒரு செங்கல்ல நம்பிட்டேனே -

பார்த்தபோது ரோட்டின் நடுவில் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே நின்றிருந்தது. கடையிலிருந்து வந்துகொண்டிருந்த நயினார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து லாரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். அவருடைய காலுக்குப் பின்னால் கேப்டன், வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு.

நாயைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நாயின் காதருகே குனிந்தார்.

"ஏலே, ஒங்க ஐயாகிட்ட சொல்லு. எங்க பக்கம் நின்னு வேலி கட்டணும்னா கதவு தொறந்துதான் கெடக்குன்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாயின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே எங்களோடு நடந்து வந்தார்.

அக்டோபர் 20

தீபாவளி. நயினார் வீட்டு வாசலில் ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. பேரப்பிள்ளைகளைத் தெருக்கோடிக்குக் கூட்டிக்கொண்டு போய் அங்கே போட வைத்தாராம். அவர் மனைவி சீனித்தாய் வந்து ஜெபசுதாவிடம் முந்திரிக்கொத்துப் பலகாரம் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அறைக்குள் இரண்டு நாய்களின் காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் வெளியே வர முடியவில்லை.

உண்மையைச் சொன்னால், கூச்சம்.

அக்டோபர் 23

மழை விட்டதும் போனேன். கதவு திறந்துதான் இருந்தது.

அவர் ஏற்கெனவே கொட்டகைச் சாமான்களை ஒதுக்கிவைத்திருந்தார். நான் கொக்கி அடித்தேன், அவர் வலையை இழுத்துப் பிடித்தார். இருவரும் சுவரைப் பார்த்தபடியே வேலை செய்தோம். பேச ஒரு நாயும் பக்கத்தில் இல்லை. கோழிகள் மழைக்குப் பயந்து கூட்டுக்குள். வெகுநேரம் சுத்தியல் சத்தம் மட்டும்.

கடைசியில் அவர்தான் ஆரம்பித்தார்.

"அந்தக் கொறட்டக் குடும்."

கொடுத்தேன்.

"இழுத்துப் பிடியும் வே. தொய்யுதுல்லா."

"பிடிச்சிட்டுத்தான அண்ணாச்சி இருக்கேன்."

அவ்வளவுதான். முருங்கையைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஜெபசுதாவிடம் சொன்னபோது, "எவ்வளவு நேரம் பேசினிய?" என்று கேட்டாள். நிறைய நேரம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

நவம்பர் 1, சனி

ஷீஜா வந்தாள். வேலியைக் கைவைத்து ஆட்டிப் பார்த்தாள், கல்லைக் காலால் நெம்பினாள், குழாயைச் சுற்றிவிட்டாள். பிறகு நியாயமே இல்லாத ஒரு சோதனை: வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டு, கையில் பொரித்த கோழிக்காலோடு, "கேப்டன், வா!" என்றாள்.

தாவினான், விழுந்தான். தாவினான், விழுந்தான். மிட்டாய் எல்லா மூலையையும் முகர்ந்து பார்த்துவிட்டு, என் காலடியில் வந்து படுத்துவிட்டாள்.

கோழிக்காலை வேலி இடுக்கு வழியாகக் கொடுத்துவிட்டு ஷீஜா அங்கேயே நின்றாள். கண் கலங்கியிருந்தது. "இங்கயே இருக்கட்டும்பா," என்றாள்.

நவம்பர் 5

திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றிவிட்டு வந்தோம். இன்று எழுத வேறொன்றும் இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

நயினார் குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருக்கிறார், பேத்திக்குக் காது குத்து. கோழிகளை என்னிடம் விட்டுப் போயிருக்கிறார். ஜெபசுதா இதைக் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

காலையில் தீனி போடப் போனால், ஒரு கோழி குறைகிறது. கூட்டுக்குள் இல்லை, கொட்டகையில் இல்லை. கேப்டனையும் மிட்டாயையும் போய்ப் பார்த்தேன். இருவரும் வேலிக்குள்ளேயே இருந்தார்கள், வாயில் இறகும் இல்லை. வேறு வழியில்லாமல் அவருக்கே போன் போட்டேன். பின்னால் நாதஸ்வரச் சத்தம்.

"சொல்லும் வே," என்றார். "சாம்பக் கோழிதான? அவ முருங்கமரத்து மேல இருப்பா. அண்ணாந்து பாரும்."

அண்ணாந்து பார்த்தேன். இருந்தாள்.