ஷோவா 64 என்பது 1964 அல்ல

அனுப்புநர்
பிரியம்வதா அனிருத்,
நோத்ர-டாம்-த-கிரேஸ், மாண்ட்ரியல்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
தத்தெடுப்புப் பிரிவு,
குழந்தைகள் நல அலுவலகம், மாண்ட்ரியல்.

பொருள்: பிறந்த ஆண்டைத் தவறாகப் படித்து எனக்கு இருபத்தைந்து வயது கூட்டியதைத் திருத்தி, குழந்தை தாராவை எங்களிடமே விடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எந்த மொழியிலும் மனு தரலாம் என்று தங்கள் அலுவலக வாசலில் எழுதியிருக்கிறது. பிரெஞ்சில் எழுதிய இரு கடிதங்களுக்கும் பதில் வராததால் இதைத் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பவருக்கு ஒரு வேண்டுகோள்: எண்களை அப்படியே விட்டுவிடவும். வினையே அங்கேதான் தொடங்கியது.

1. என் தந்தை கப்பல் பொறியாளர். அவர் ஜப்பானின் கோபே நகரில் பணியாற்றியபோது, 5.1.1989 அன்று நான் பிறந்தேன். ஜப்பானிய அரசுப் பதிவுகளில் ஆண்டைப் பேரரசரின் ஆட்சிக்காலப் பெயரால் எழுதுவார்கள். புதிய பேரரசர் வந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஷோவா காலம் 1926இல் தொடங்கியது. அதன் அறுபத்து நான்காம் ஆண்டு ஏழே நாள்தான் நீடித்தது. அந்த ஏழு நாளுக்குள் நான் பிறந்துவிட்டதால், என் சான்றிதழில் 'ஷோவா 64' என்று உள்ளது.

2. தங்கள் மொழிபெயர்ப்பாளர் ஷோவா என்பதை மருத்துவமனையின் பெயராக எடுத்துக்கொண்டு, 64ஐ 1964 ஆக்கிவிட்டார். மூன்று நாள் தாமதித்துப் பிறந்திருந்தால், அடுத்த பேரரசரின் காலப்படி 'ஹெய்செய் 1' என்று இருந்திருக்கும். அப்போது எனக்கு என்ன வயது போட்டிருப்பீர்கள் என்று நினைக்கவே அச்சமாக உள்ளது.

3. முப்பத்தேழு வயதான எனக்குத் தங்கள் கோப்பில் அறுபத்திரண்டு வயது. கர்க்லாண்டில் வசிக்கும் என் தாயார் கிரிஜா 1965 ஆகஸ்டில் பிறந்தவர். விவரம் கேட்டதும் அவர், "என்னடி இது, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே உன்னைப் பெத்துட்டேனா?" என்றார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் தங்களிடம் இருந்தால் தெரிவிக்கவும்.

4. தங்கள் அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டினேன், சான்றிதழோடு ஒத்துப்போகவில்லை என்றார்கள். சான்றிதழில் 1989 என்று மாற்றித் தரும்படி கோபே நகராட்சிக்கு எழுதினேன். நான் பிறந்த அன்று நடப்பிலிருந்த ஆண்டை மாற்ற இயலாது என்று மிகுந்த பணிவுடன் மறுத்தார்கள். ஜப்பானின் தொடக்ககாலப் பேரரசர்கள் சிலர் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்ததாக அந்நாட்டுப் பழைய ஏடுகள் சொல்கின்றன. அவர்களில் எவருக்கும் வயது மிகுதி என்று யாரும் கடிதம் அனுப்பியதாகத் தெரியவில்லை. எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

5. மூன்று வயதுத் தாரா பதினான்கு மாதங்களாக என்னிடமும் என் கணவரிடமும் வளர்கிறாள். 'முதிர்ந்த வயது' காரணமாகத் தத்தெடுப்பு மறுக்கப்பட்டது என்றும், 23.3.2026 திங்கள் காலை ஒன்பது மணிக்கு அவளை வேறு வீட்டுக்கு அழைத்துச் செல்ல ஊழியர் வருவார் என்றும் கடிதம் கூறுகிறது. எங்களிடம் வருமுன்பே அவள் இரண்டு வீடு மாறியவள். வந்த புதிதில் காலணியைக் கழற்றாமலே தூங்குவாள். இப்போதுதான் கழற்றுகிறாள். ஐயா, எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜப்பானியத் தூதரகத்தை ஒருமுறை தொலைபேசியில் கேட்டால் இது ஐந்து நிமிடத்தில் தெளிவாகிவிடும். 23ஆம் தேதிக்கு முன் அவ்வாறு கேட்டு, என் வயதைத் திருத்தி, மறுப்பு ஆணையை ரத்து செய்யுமாறு வேண்டுகிறேன்.

குழந்தையின் உடைகளை ஒரு பையில் எடுத்து வைக்கும்படியும் தங்கள் கடிதத்தில் உள்ளது. நான் எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைக்கவும் மாட்டேன்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
பிரியம்வதா அனிருத், வயது 37

இடம்: மாண்ட்ரியல்
நாள்: 12.3.2026