மாமி வீட்டுத் தொட்டியில் சிங்க இறால்

2 மார்ச் 1997, ஞாயிறு
கொளுத்தும் வெயில். கடற்கரையில் வயிற்றில் முட்டை சுமந்த சிங்க இறால் ஒன்று கிடைத்தது. குளியலறைத் தொட்டியில் கடல் தண்ணீர் நிரப்பி விட்டேன். முட்டை செம்மஞ்சள். கொஞ்சம் எடுத்து உலர்த்தி, பள்ளிக்கூடத் தராசில் நிறுக்க வேண்டும். குஞ்சு வந்ததும் அதையும் நிறுத்தால், மஞ்சள் கருவில் எவ்வளவை எரித்து உடம்பு கட்டி வெளியே வருகிறது என்று தெரியும். இது இல்லாவிட்டால் முதுமாணிப் பட்ட ஆய்வு அம்போ.

மாலை வீடு முழுக்க மசாலா வாசம். பயம்.

3 மார்ச்
விளங்கிவிட்டது. பெண் வீட்டுக்குக் குடிவந்த புது மாப்பிள்ளை இன்னது தின்ன ஆசை என்று வாய்விட்டுக் கேட்கமாட்டான். வாங்கி வந்து வைத்தால் ஆக்கித் தரச் சொல்கிறான் என்று அர்த்தம். மாமி என்னோடு நேரே கதைப்பதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வா. அந்த மகள், என் மனைவி றமீஸா, எனக்குச் சொல்வாள்.

"உம்மா தேங்காய்ப்பால் புழிஞ்சிட்டா. இறால் எங்கயெண்டு கேக்கிறா."

"அது ஆராய்ச்சிக்கெண்டு சொல்லு."

கதவுக்குப் பின்னால்: "வெக்கப்படாமச் சொல்லச் சொல்லு புள்ள."

11 மார்ச்
கரண்ட் இல்லை. தொட்டியின் காற்றுப் பம்பு நின்றுவிட்டது. காலை முழுக்கக் கோப்பையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினேன். முட்டை பழுப்பாகிறது, உள்ளே கறுப்புக் கண். மஞ்சள் கரு என்ற கட்டுச்சோறு குறையக் குறைய குஞ்சு வளர்கிறது. என் விஷயம் தலைகீழ். மூன்று நேரமும் இறைச்சி, மேலே இனிப்புக்கு வட்டிலாப்பம். காற்சட்டைப் பொத்தான் போயிற்று.

தொட்டிக்குள் சோற்றுப் பருக்கை. யார்?

"உம்மாதான். புள்ளத்தாச்சி பட்டினி கிடக்கலாமா எண்டு."

24 மார்ச், திங்கள்
விடியற்காலை சுபஹு தொழுது முடியவில்லை, குளியலறையில் சத்தம். "மருமகன், ஓடி வாங்க. புள்ளைகள் வந்திட்டு."

மாமி. எனக்கே, நேராக.

தொட்டி நிறையக் கண்ணாடிச் சிலந்திகள் போலக் குஞ்சுகள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மை.

"இதுகளுக்குத் தின்ன என்ன குடுக்கிற?"

"ஒண்டும் வேணாம் மாமி. கொஞ்சத்தக் காயவெச்சு நிறுக்கணும்."

மாமி முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விட்டா. றமீஸா வந்தாள்.

"செத்தத மட்டும் எடுக்கட்டாம்."

செத்ததை நிறுத்தால் கணக்குப் பிழையாகிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். உயிரோடு எடுத்தால்தான் ஆய்வு, எடுத்தால் இந்த வீட்டில் எப்படி முகம் கொடுப்பது?

மத்தியானம் வரை தொட்டியடியில் குந்தியிருந்தேன். ஒன்றுகூடச் சாகவில்லை. மெதுவாகக் கரண்டியை எடுத்தேன். கதவுக்குப் பின்னால் மாமி செருமினா. வைத்துவிட்டேன்.