உன் ரத்தத்துக்கு வந்த பதில்

என் காய்ச்சல்கார அண்ணா,

நலமா? அங்கே எத்தனை டிகிரி?

சென்னைக்குப் போன உன் ரத்தத்துக்குப் பதில் வந்துவிட்டது. நீ மாதத்தில் பாதி நாள் படுத்தே கிடந்தது சோம்பேறித்தனத்தால் இல்லையாம். கிருமி நுழைந்தால் ஒரு செல் இன்னொன்றுக்குச் சேதி அனுப்பும். உன் உடம்பில் அது பாதி வழியில் நின்றுவிடும். அத்தனை செல் வைத்திருந்தும் உனக்கு சிக்னல் இல்லை, பார்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். நல்ல செல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஜீனை அணைப்பார்களாம். எதை அணைத்தால் சேதி நிற்கிறதோ, அதுவும் சேதி போகும் வழியில் இருக்கிறது. அப்படிப் பிடிபட்ட ஜீன்களை உன் ரத்தத்தில் தேடியபோது, ஒன்று பழுதாக இருந்தது.

"இத நாங்க எப்பவோ பண்ணிட்டோம் மேடம்" என்றேன். தெருவில் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி, எந்த வீட்டில் டிவி நின்று கூச்சல் வருகிறது என்று பார்த்து அடி வாங்கினோமே, அதைச் சொன்னேன்.

"அதேதான். ஆனா நாங்க அடி வாங்கல" என்றார்.

அந்த ரத்தம் போன கதையை உனக்குச் சொல்லவே இல்லை. அன்றைக்கு இட ஒதுக்கீடு கேட்டு மறியல். தியாகதுருகம் ரோட்டில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து ஐஸ் டப்பாவோடு அப்பாவும் நானும் இறங்கினோம். கொடி பிடித்த ஒருவர் மறித்தார்.

"டப்பாவுல இன்னாங்க, மீனா?"

"எங்கண்ணன் ரத்தம். ஐஸ் கரைஞ்சா கெட்டுடும்" என்றேன்.

அவர் திரும்பி, "அந்தாண்ட யார்னா பைக் வச்சினு இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தார். டப்பா மரத்தைத் தாண்டிக் கை மாறிப் போனது. அன்றைக்கு அந்த ரோட்டில் சாதி கேட்காமல் விடப்பட்டது உன் ரத்தம் மட்டும்தான்.

இப்போது தங்கச்சிக்கும் அதே காய்ச்சல். அதே பழுதுதான் என்று தெரிந்தால், நிற்கிற சேதிக்குப் பதிலாக ஊசி போடலாமாம். அம்மாதான் சோதிக்க விடவில்லை.

"பொண்ணு ரத்தத்துல கோளாறுன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? உங்கத்த வூட்லயே மாட்டேன்னுடுவாங்க."

அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன். சொந்தத்தில் கொடுத்தால் தெரிந்த இடம் என்பார்கள். ஜீனுக்கும் அது தெரிந்த இடம்தான். இருவரிடமும் பாதிப் பாதி ஒளிந்திருந்தது, நீ முழுசாக வாங்கிக்கொண்டாய்.

நான் அப்பாவோடு போய், முதலில் என் ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லிக் கையை நீட்டினேன். எனக்குப் பாதி ஒதுக்கீடு. நோய் வராது, பிள்ளைக்குப் போகலாம். அத்தை வந்திருந்தபோது அம்மா எதிரிலேயே கேட்டேன்.

"அத்தே, எனக்கும் பாதி இருக்குது. உம் பொண்ண குடுப்பியா?"

"அது இல்லன்னாலும் உனக்குக் குடுக்கமாட்டேன், போடா."

நீ போனபிறகு அம்மா சிரித்தது அன்றைக்குத்தான். அத்தை சிரிக்கவில்லை. "பொண்ணு உசுரோட இருந்தாதான அண்ணி கல்யாணம்? காலைல இட்டுக்கினு போ" என்றாள்.

அம்மா கூட்டிப் போனாள். தங்கச்சிக்கும் உன்னைப் போலவே முழுசு. ஊசி ஆரம்பித்தாகிவிட்டது. இந்த வாரம் காய்ச்சல் இல்லை. அடுத்த வாரம் எப்படியோ.

பதில் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால், அண்ணா? இதையும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் தங்கச்சியின் அடுத்த ஊசிக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்.

ஊசி ஏறும்போதெல்லாம் தங்கச்சி என் கையைத்தான் கிள்ளுகிறாள். நகம் பதிந்துவிடுகிறது. அவள் விடும்வரை நான் கையை எடுக்கமாட்டேன்.

விண்ணப்பம் போடாமலே வீட்டுக்கு மூத்தவனான,
உன் தம்பி