பதினோரு மணி சூப்

ஜனவரி 9

கப்பலுக்கு இன்று வெள்ளை பூசி முடித்தார்கள். இத்தனை வருடம் கறுப்பு உடம்போடு கடலைக் கடந்தவள், இப்போது கல்யாணப் பெண் மாதிரி மினுக்கிக்கொண்டு நிற்கிறாள். நீச்சல்குளம், நடன மேடை, பின்பக்கம் ஒரு சறுக்குமரம் வேறு. அக்கரைக்கு அவசரமாகப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவதுதான் இவள் பிழைப்பு. விமானம் வந்து அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டது. இனிமேல் எங்கேயும் போக வேண்டியதில்லாதவர்களைச் சுமந்து, ஊர் சுற்றிக் காட்டி, கிளம்பின இடத்துக்கே திரும்பி வரவேண்டுமாம். உல்லாசக் கப்பல்!

வீட்டுக்காரரிடம் சொன்னேன். இயந்திர அறையிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்தவர், "வயசான காலத்துல மேக்கப்பு" என்றார். யாருக்கு வயசு? எங்கள் இரண்டு பேரையும்விட இவள் சின்னவள்.

ஜனவரி 14

புது மேனேஜர் வந்துவிட்டார். பயணிகளை ஆடவைப்பதும் பாடவைப்பதும் இவர் வேலை. கழுத்தில் எப்போதும் ஒரு விசில். நாங்கள் வைத்த பெயரும் அதுதான்.

மேல்தளத்தில் என் சாமான் அறையைத் திறந்து பார்த்து, "என்னம்மா இது, கம்பளிக் கடையா?" என்றார்.

அவருக்கு என்ன தெரியும்? குளிர்கடலில் பயணிகள் மேல்தளத்து நாற்காலிகளில் வரிசையாகச் சாய்ந்திருப்பார்கள். பதினோரு மணி அடித்ததும் முழங்காலுக்கு ஒரு கம்பளி, கையில் கொதிக்கக் கொதிக்க எலும்பு சூப். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த வேலை. கேப்டன்கூட என்னைச் சூப்பக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

"இனிமே வெயில் தீவுக்குத்தான் போறோம். ஐஸ்கிரீம் போதும். இதையெல்லாம் கரையில இறக்கிடுங்க."

சரி சார் என்றேன். இறக்கவில்லை. கேட்டால் மறந்துபோச்சு என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி 20

கேப்டன் எல்லோரையும் நிற்கவைத்து விஷயத்தைப் போட்டு உடைத்தார். இந்த வருடம் கப்பல் நிறையவில்லையென்றால் முதலாளிகள் இவளை உடைக்கிறவர்களிடம் விற்றுவிடுவார்கள். இரும்பு விலைக்கு.

அறைக்கு வந்து சொன்னால், இந்த மனுஷன் சாவகாசமாக, "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். அவங்களுக்கு என்ன நஷ்டம்?" என்கிறார். ஏன் இப்படிப் பேசுகிறார்? இவள் போனால் எங்களுக்கு வீடு ஏது? அட்டைப்பெட்டி மாதிரி இந்த ஓர் அறைதான் வீடு. அவர் வேலை முடிந்து வர, நான் வேலைக்குக் கிளம்ப — இப்படியே ஓடினது குடித்தனம். காலை வேளை எப்போதும் அவருக்கு அடியில் இயந்திரத்தோடுதான். பதினோரு மணிக்கு ஒருநாள்கூட மேலே வந்ததில்லை. மிச்சத்தை எடுத்துவைப்பேன். ஆறின சூப்புதான் அவர் தலையெழுத்து. குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்பார். ஆறினா அப்படித்தான் இருக்கும் என்பேன் நான். கல்யாணம் ஆனதிலிருந்து இந்தச் சண்டை தீரவில்லை.

தங்கச்சி போனில் சொன்னாள்: "மாடி ரூமை ஒழிச்சு வைக்கிறேன், வந்துடுக்கா." நல்ல மனசு. ஆனால் ஆடாத கட்டிலில் எனக்குத் தூக்கம் வராதே!

பிப்ரவரி 3

முதல் பயணம். பாதி அறைகள் காலி.

தீவு வந்தது. இவளுக்கோ அடிப்பாகம் ஆழம். அங்கே துறைமுகத்தில் தண்ணீர் போதாது. தூரத்திலேயே நங்கூரம் போட்டு, படகில் பத்துப் பத்துப் பேராக அனுப்பினோம். சின்னக் கப்பல்கள் கடைத்தெரு வாசலிலேயே போய் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. எங்கள் ஆட்கள் வெயிலில் வரிசை. ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்: "கரையைப் பாக்கத்தான் காசு வாங்கினீங்களா? தொடுறதுக்குத் தனியா கட்டணுமா?"

பல்லைக் காட்டினேன்.

பிப்ரவரி 5

மானம் போச்சு. எழுதும்போதே சிரிப்பும் வருகிறது.

இன்று நாள் முழுக்க நடுக்கடல். சுற்றிலும் தண்ணீர், காலடியில் இயந்திரத்தின் அதிர்வு — பழைய நாள் மாதிரியே இருந்தது. பதினோரு மணி அடித்தது. அவ்வளவுதான் தெரியும். கை தானாகச் சாமான் அறையைத் திறந்தது. என்கீழ் வேலை பார்க்கிற பெண்கள் நாலு பேரும் ஆளுக்கொரு கட்டு கம்பளியைத் தூக்கிக்கொண்டார்கள். சமையல்காரரும் பழைய ஆள்தானே! நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. அண்டா நிறையச் சூப் தயாராக நின்றது.

கொளுத்துகிற வெயில். நீச்சல்குளத்து ஓரமாக அரை டிராயரோடு ஒரு வழுக்கைத்தலைக்காரர் படுத்திருந்தார். அவரைக் கழுத்துவரைக்கும் கம்பளியால் போர்த்தி, கையில் சூப்பையும் கொடுத்துவிட்டேன். அவர் சூப்பைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அக்கா, எனக்குக் காய்ச்சல்னு உங்ககிட்ட யாரு சொன்னது?"

குளமே குலுங்கிச் சிரித்தது. ஐயோ! அப்போதுதான் எனக்குச் சுயநினைவே வந்தது. தண்ணீருக்குள் இருந்தவர்களும், "எங்களுக்கும் காய்ச்சல்! எங்களுக்கும் சூப்!" என்று கையை நீட்டினார்கள். விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தார் மேனேஜர். சீட்டுக் கிழிந்தது என்று நினைத்தேன்.

"எதுக்கும்மா இது?" என்று கேட்டார். வாய் குழறியது, ஆனாலும் சொன்னேன். அந்தக் கடலின் காற்று, சிவந்துபோன மூக்குகள், தூரத்தில் வீட்டளவுக்கு மிதந்துபோகும் பனிப்பாறை, முதல் வாய் சூப் தொண்டையில் இறங்கும்போது எல்லோரும் ஒரே மாதிரி விடுகிற "ஹா..." — எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனேன். சிரித்தவர்கள் எப்போது என் பக்கம் நகர்ந்து வந்தார்கள் என்று கவனிக்கவில்லை.

வழுக்கைத்தலைக்காரர்தான் பேசினார்: "அப்ப அங்க கூட்டிட்டுப் போங்களேன். வேர்க்கிறதுக்கு எங்க வீட்டு மொட்டை மாடியே போதுமே!"

மேனேஜர் நின்றபடியே இரண்டு கோப்பை குடித்தார்.

பிப்ரவரி 6

விசில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 11

பயந்தது வீண். மேனேஜர் ராத்திரி பகலாகக் கேப்டனோடு உட்கார்ந்து பேசி, முதலாளிகளுக்கு எழுதிவிட்டார். கோடையில் பனிக்கடலுக்கு ஒரு பயணம். இவளுடைய தடித்த இரும்பும் கூர்மூக்கும் அந்தக் கடலுக்கென்றே செய்தவை. கரையைத் தொடவே வேண்டாம்; பார்த்தாலே போதும். இந்த ஒரு தடவை நிறைந்தால் பிழைத்தாள். இல்லையென்றால் உடைப்புதான்.

"அக்கா, திரும்பி வந்ததும் அந்தக் கம்பளியெல்லாம் கரையில இறக்கிட்டீங்களா?" முகம் வெளிறிப்போய்க் கேட்டார்.

"மறந்துபோச்சு சார்."

கையெடுத்துக் கும்பிட்டார். இவரைப்போய் எத்தனை திட்டியிருக்கிறேன்! நல்ல பிள்ளை.

ஏப்ரல் 2

கால்வாசி டிக்கெட்தான் போயிருக்கிறது. தங்கச்சி மாடி அறைக்குச் சுண்ணாம்பும் அடித்துவிட்டாளாம்.

ஏப்ரல் 17

வீட்டுக்காரர் இன்று சாப்பிடாமல் சுவரில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன என்றேன். "ஒண்ணுமில்ல. இவ சத்தம் கேக்குதான்னு பாத்தேன்." துறைமுகத்தில் நிற்கிறாள், இயந்திரம் ஓடவில்லை, என்ன சத்தம் கேட்கும்? யானைக்கதை பேசின வாய்! பக்கத்தில் போய் நானும் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மே 20

நிறைந்துவிட்டது! வழுக்கைத்தலைக்காரர் மாமியார் வரைக்கும் குடும்பத்தையே கிளப்பிக்கொண்டு வருகிறார். அவர் போகிற இடமெல்லாம் என் காய்ச்சல் கதையைச் சொல்லித்தான் பாதி டிக்கெட் விற்றதாம். விசில் ஓடிவந்து சொன்னார். அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். ஆனந்தம் தாங்கவில்லை, வேறென்ன!

ஜூன் 23

பனிக்கடல். அலை மேல் இவள் போகிற அழகே அழகு! வெயில் தீவில் வெட்கப்பட்டு ஒதுங்கி நின்றவள், இங்கே மகாராணி. எல்லோருக்கும் மூக்கு சிவந்துவிட்டது. சூப் இரண்டு அண்டா போதவில்லை.

செப்டம்பர் 12

இது நான்காவது பனிப்பயணம். முதலாளிகள் அடுத்த வருடத்துக்கும் இதையே அச்சடித்துவிட்டார்கள். தங்கச்சியிடம் மாடி அறையை யாருக்காவது வாடகைக்கு விடச் சொல்லிவிட்டேன்.

பதினோரு மணி. வரிசையாகப் போர்த்திவிட்டுக்கொண்டே போனவள், கடைசி நாற்காலியில் அப்படியே நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர்! துவைத்த சட்டை, படிய வாரின தலை.

"வேலை நேரத்தை மாத்திக்கிட்டேன். இன்னைக்கு ஒருநாள்" என்றார். "ஏன், எனக்குக் கம்பளி கிடையாதா?"

போர்த்திவிட்டேன். சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்தார். "இவ்வளவு பெருசா இருக்கு! இதுலயா இவளைத் தள்ளிக்கிட்டுப் போனோம்?" என்றார். அப்புறம் குடித்தார். எல்லோரும் விடுகிற அதே "ஹா..." நான் காத்திருந்தேன்.

"உப்பு கம்மி."

"கொதிக்கக் கொதிக்கத் தந்திருக்கேன், இப்பவுமா?"

"இப்பவும்தான்."

அவர் கோப்பையிலிருந்தே நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நாளையிலிருந்து ஒரு கைப்பிடி உப்பு கூடுதலாகப் போடச் சொல்லிச் சமையல்காரரிடம் சொல்லிவிட்டேன்.