அட்டைப்பெட்டியில் எழுதியிருந்த வாசனை

இன்று காலை ஜங்ஷன் ரோட்டில் யாரோ முந்திரிக்கொட்டை சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் அதுதான் வருகிறது.

பீங்கான் சாமான்களுக்கு ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகப் போவாய். திரும்பும்போது விமான நிலையத்தில் ஒரு சிங்கிள் மால்ட் விஸ்கி வாங்கி வருவாய். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் உன் வீட்டு மாடியில் நாம் இரண்டு பேரும் உட்காருவோம். ஆளுக்கு இரண்டு மடக்கு. அதற்கு மேல் ஊற்றமாட்டாய். "இது குடிக்கறதுக்கு இல்லடா, பேசறதுக்கு" என்பாய். பிறகு சிநேகிதர்கள் குழுவுக்கு உன் விமர்சனத்தைப் போனில் பேசி அனுப்புவாய்.

ஸ்காட்லாந்துத் தீவுச் சரக்கு ஒன்றை முதல்முறை மோந்துவிட்டு, "முந்திரிக்கொட்டை சுட்ட எடத்துல டிஞ்சர் பாட்டில தொறந்த மாதிரி இருக்குது" என்றாய். நானும் மோந்தேன். அப்படியேதான் இருந்தது. அட்டைப்பெட்டியில் கடற்காற்று, வனிலா என்று என்னவோ அச்சடித்திருந்தார்கள். "இத எழுதுனவன் விருத்தாசலம் பக்கமே வந்ததில்ல" என்று பெட்டியைத் தூக்கி ஓரமாகப் போட்டாய்.

அப்படிப்பட்ட நீ, கடைசி ஒரு வருஷம் பெட்டியில் இருந்ததையே பேசினாய். தேன், ஆப்பிள், ஓக் மரம். "என்னடா, வெள்ளக்காரன் மாதிரி பேசற" என்று கேட்டேன். "நாக்கு பழகிடுச்சு" என்று சிரித்தாய். கோவாவில் வாங்கிய பாட்டிலில் எனக்குப் பலாச்சுளை வாசம் தூக்கலாக அடித்தது. உனக்கு வருதா என்றேன். "வருது, வருது" என்று கண்ணை மூடித் தலையை வேறு ஆட்டினாய்.

ஒன்றும் வரவில்லை உனக்கு.

பார்வை மங்கி, வண்டியோடு விழுந்த பிறகுதான் உன்னைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனோம். மூக்குக்கு மேலே, மூளைக்கு அடியில் கட்டி. "இவருக்கு ரொம்ப முன்னாடியே வாசனை தெரியாமப் போயிருக்கணுமே" என்றார் டாக்டர். "இல்ல சார், எங்க எல்லாரையும் விட இவனுக்குத்தான் மூக்கு கூர்மை" என்று நான் அடித்துச் சொன்னேன். பெருமையாக வேறு சொன்னேன். நீ கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஆபரேஷனுக்குப் பிறகு நீ கண் விழிக்கவே இல்லை.

உன்னை அடக்கம் செய்து சில நாள் கழித்து உன் மனைவி சொன்னார். நீ போவதற்கு ஆறு மாசம் முன்னால் ஒருநாள் கேஸ் கசிந்து வீடெல்லாம் நாறியபோது நீ அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாயாம். கடைக்குப் போய் வந்த அவர்தான் ஓடிப்போய் மூடினாராம். "மூக்கு செத்து ஆறு மாசம் ஆவுதுன்னு அன்னைக்குத்தாண்ணே சொன்னாரு. டாக்டராண்ட போலாம்னேன். வேணாம், உங்க பேரச் சொல்லி அவனாண்டயும் சொல்லாத, அப்பறம் நான் பேசறத எவன் கேப்பான்னு மாதா மேல சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

எதற்காகடா? குழுவில் நாலு பேர் "சூப்பர்ண்ணே" என்று போடுவதற்காகவா? என் மூக்கைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். நான் மோந்து சொல்ல, நீ உன் பாஷையில் பேசியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. என்னையும் அந்தக் குழுவில் ஒருத்தனாகத்தான் வைத்திருந்தாய் போலிருக்கிறது. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

போன வாரம் என் கம்பெனியில் வேலை செய்கிற அக்கா ஒருவர், டீயில் இஞ்சி மணமே தெரியவில்லை என்றார். அப்போதே பஸ் ஏற்றிப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப்போனேன். எல்லாம் பார்த்துவிட்டு, வெறும் சளிதான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். திரும்பும்போது அவர், "இந்தச் சளிக்கா என்ன இம்மாந்தூரம் இட்டாந்தீங்க?" என்று சிடுசிடுத்தார். ஆமாங்க்கா என்றேன். சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷமே உன்மேல் கோபம் பொங்கியது.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னையும் இப்படித்தான் இழுத்துப் போயிருப்பேன். நீயும் வழிநெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்திருப்பாய்.