ஒரு பிடி கோயில் மண்

அண்ணா,

இரண்டு நாளாக மழை. பூஜை அலமாரியைத் திறந்தால் மஞ்சள் துணி முடிச்சிலிருந்து மண் வாசனை வருகிறது. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணி என் கையில் கொடுத்த முடிச்சு.

எல்லை பிரித்தபோது நம் ஊர் சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனது. பிள்ளைகள் தமிழில் படிக்கட்டும் என்று பங்காளிகள் நான்கு வீட்டுக்காரர்கள் திருத்தணிக்கு வந்தோம். நீ மட்டும் அசையவில்லை. நம் குலதெய்வம் பொன்னியம்மனுக்குப் பூசை செய்பவன் நீ. அது ஒரு சாக்கு என்றுதான் அப்போது நினைத்தேன்.

திருத்தணியில் சின்னதாக ஒரு கோயில் கட்டினோம். பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து வைத்தால்தான் அம்மன் வந்ததாகக் கணக்கு. அதைப் பூசாரி தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். நீ கொடுக்கவில்லை. ஒவ்வொரு ஆடியிலும் ஊத்துக்கோட்டையில் பஸ் மாறி வந்து கேட்டேன். "கூழு குட்ச்சிட்டுப் போடா. மண்ணுக்கு இன்னா அவசரம்?" என்பாய். என் பெண்ணுக்கு மொட்டை போட்டுக் காது குத்தியதும் அங்கேதான். இங்கே பெண்கள் வெறும் கருவறைக்கு விளக்கேற்றினார்கள். எனக்குக் கோபம்தான்.

நாங்கள் விட்டுவந்த வீடுகளில் தெலுங்குக் குடும்பங்கள் குடியேறியிருந்தன. அவர்களும் கூழ் ஊற்றினார்கள், தாயே என்பதைத் 'தல்லி' என்று சொல்லிக் கும்பிட்டார்கள். பூசை முடிவில் நீயே ஒருமுறை தல்லி என்று சொல்லக் கேட்டேன். "யார் யாரோ கும்பிடறாங்க. எங்களுக்கு ஒரு பிடி மண்ணு கெடையாதா?" என்று அன்று சத்தம் போட்டேன். நீ கூழைக் கிளறிக்கொண்டே, "அவங்க இங்கியே கீறாங்க. நீங்க மண்ண எட்துக்கினு பூட்டா, அப்பறம் எவன்டா இந்தப் பக்கம் வருவான்?" என்றாய். நான் கூழை வாங்கிக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

முடிச்சைக் கொடுக்கும்போது அண்ணி சொன்னார்: "அவுரே எட்த்து வச்சாரு. நான் போனப்பறம் அவன்கிட்ட குட்த்துடு, இனிமே இங்க யாரப் பாக்க வரப்போறான்னு சொன்னாரு."

மண் வந்துவிட்டது பங்காளிகளுக்குத் தெரியும். நாள் குறிக்கச் சொல்லி நச்சரிக்கிறார்கள். இந்த ஆடிக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வந்து விடுகிறேன், அப்புறம் வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

போன ஆடியிலும் இதையேதான் சொன்னேன்.