அக்கா, கை வைக்காதே

சிட்டு,

உன் மகளின் பள்ளிக்கூடச் சட்டையை எடுக்க ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் உன் கவர். நீ ஒட்டிய மெழுகின் வாசனை இன்னும் போகவில்லை.

முதல் கவரை நினைத்தால் இப்பவும் வெட்கமாக இருக்கிறது. உன் தாலாட்டை வேறு யாரும் தன்னுடையது என்று சொல்லக்கூடாதென்று, அதை எழுதி உன் பேருக்கே ரெஜிஸ்டர் தபாலில் போட்டிருந்தாய். தபால்காரர் தேயிலைத் தோட்டத்து லயத்தில் நம் வீட்டுக்கு வந்தபோது நீ கொழுந்தெடுக்கப் போயிருந்தாய். மூணாம் வகுப்போடு நின்ற நான் கையெழுத்து வைத்து வாங்கி, வேலைக் கடிதமோ என்று கிழித்துவிட்டேன்.

"ஐயோ அக்கா! தேதி முத்திரை குத்தின கவரு பிரிக்காம இருந்தாத்தானே சாட்சி!"

"உனக்கு நீயே காயிதம் போட்டா நான் என்னத்தடி கண்டேன், கிறுக்கச்சி?"

கூடையை இறக்காமலே சிரித்தாய். அடுத்த வாரம் மறுபடி போட்டாய். பின்பக்கம் சிவப்புப் பேனாவால், நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுதியிருந்தாய்: "அக்கா, கை வைக்காதே."

வைக்கவில்லை. காய்ச்சலில் நீ போன பிறகும். கூரை ஒழுகி, நீ பாட்டெழுதின கொப்பி ஊறி எழுத்தெல்லாம் அழிந்துபோன அன்றும்.

போன மாதம் கோயில் திருவிழாவில் ஒரு பாட்டுக்காரர் உன் தாலாட்டைப் பாடி, "நானே எழுதினது" என்றார். கடைசி அடி மட்டும் நீ பாடி நான் ஒருநாளும் கேட்காதது. உன் பேரில் பதிந்துவிடலாம் என்று மாத்தளைக்குப் போய் ஒரு லோயரைக் கேட்டேன்.

"இந்த நாட்டுல பாட்டைப் பதியிற ஆபீஸ் இல்லம்மா. எழுதின அன்னைக்கே அது உங்க தங்கச்சிக்குச் சொந்தம். சாட்சிதான் வேணும். கவரைப் பிரிச்சிறாதீங்க. வழக்குன்னு வந்தா கோர்ட்டுல நீதவான் முன்னால பிரிக்கலாம். ஆனா வருசக்கணக்கா இழுக்கும்."

உன் மகள் தலை சீவும்போதெல்லாம் பாடச் சொல்கிறாள். மூன்று அடி பாடுவேன். நாலாவதை நீ பாடுகிற ஒவ்வொரு தடவையும் மாற்றுவாயே, எதை முடிவாக எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. இப்போது அவள் அந்த ஆளின் அடியைச் சேர்த்துப் பாடுகிறாள்.

"அது அம்மா எழுதினது இல்லடி."

"அப்ப அம்மா எழுதினது எது பெரியம்மா?"

கவர் மடியில் கிடக்கிறது. உன் பேருக்காக மூடியே வைக்கட்டுமா, உன் பிள்ளைக்காகப் பிரிக்கட்டுமா, சிட்டு?